ஆட்டத்தை வியாழக்கிழமையே படித்துவிடலாம்: ரக்பி அணிப் பட்டியல் வாசிக்கும் முறை

ரக்பி பார்க்கும் நம் ஆட்கள் பெரும்பாலும் ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குத்தான் டிவி முன்னால் வந்து உட்காருகிறார்கள். ஆனால் சனிக்கிழமை ஆட்டம் என்றால் வியாழக்கிழமை வாக்கிலேயே இரண்டு அணிகளும் 23 பேர் கொண்ட பட்டியலை வெளியிட்டுவிடும், தென்னாப்பிரிக்கா பல தடவை செவ்வாய்க்கிழமையே சொல்லிவிடுகிறது. எப்படி ஆடப் போகிறார்கள் என்பதில் பாதிக்கு மேல் அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது. "நியூசிலாந்துன்னா ஓடுவான், தென்னாப்பிரிக்கான்னா இடிப்பான், பிரான்ஸுக்கு அன்னைக்கு மூடு எப்படியோ அப்படி" என்று மாமாக் கடையில் தே தாரிக்கோடு பேசுவதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இன்றைய சர்வதேச ரக்பிக்கு அது பழைய கணக்கு. பயிற்சியாளர் யாரை எடுத்தார், யாரை விட்டார், யாரை பெஞ்சில் உட்கார வைத்தார் என்பதுதான் அந்த வாரத்துப் பாணி. அதை எப்படி வாசிப்பது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் நேரக் கணக்கு, ஏனென்றால் கோலாலம்பூரில் இருந்துகொண்டு ரக்பி பார்ப்பதில் பாதிச் சிரமம் அதுதான். நியூசிலாந்தில் இரவு ஏழு மணி ஆட்டம் ஜூலை, ஆகஸ்டில் நமக்கு மதியம் மூன்று மணி, சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்தபடி பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவின் மாலை ஐந்து மணி நமக்கு இரவு பதினொன்று. ஐரோப்பாவின் ஆறு நாட்டுத் தொடரான சிக்ஸ் நேஷன்ஸில் லண்டன் நேரம் 2:15 ஆட்டம் நமக்கு இரவு 10:15, அந்த நேரம் மாமாக் கடையின் பெரிய திரையில் பிரீமியர் லீக்கை மாற்றச் சொன்னால் அடிதான் விழும், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பாரிஸில் இரவு ஒன்பது மணி என்றால் நமக்கு விடியற்காலை மூன்றோ நான்கோ. 2023 உலகக் கோப்பை இறுதியாட்டம் நமக்கு ஞாயிறு விடியற்காலை மூன்று மணிக்குத்தான் தொடங்கியது. இப்படித் தூக்கத்தைக் கெடுத்துப் பார்க்கிறவர்கள் பட்டியலை முன்கூட்டியே படித்து வைத்தால் எந்த ஆட்டத்துக்கு அலாரம் வைப்பது என்றாவது தெரியும்.

எண்ணும் இடமும்

ரக்பியில் ஜெர்சி எண் என்பது இடம். கால்பந்தில் ஒரு நட்சத்திரம் தனக்குப் பிடித்த எண்ணை எடுத்துக்கொள்வதுபோல இங்கே கிடையாது. 1 முதல் 8 வரை முன்னால் மோதித் தள்ளும் ஃபார்வர்ட், 9 முதல் 15 வரை பின்னால் ஓடியும் உதைத்தும் ஆடும் பேக். 1, 3 பிராப், நடுவில் 2 ஹூக்கர், 4, 5 லாக், 6, 7 ஃபிளாங்கர், 8 நம்பர் எய்ட். அப்புறம் 9 ஸ்க்ரம் ஹாஃப், 10 ஃப்ளை ஹாஃப், 12, 13 சென்டர், 11, 14 விங், 15 ஃபுல் பேக். ஒரு விதிவிலக்கை மட்டும் நினைவில் வையுங்கள்: பெரும்பாலான நாடுகளில் பந்தைப் பறிக்கும் ஓப்பன்சைடு ஃபிளாங்கர் 7 போடுவார், தென்னாப்பிரிக்காவில் அவருக்கு 6. சியா கொலிசி 6-இலும் பீட்டர்-ஸ்டெஃப் டு டுவா 7-இலும் வருவது அதனால்தான்.

இதெல்லாம் தெரிந்த பிறகு எல்லோரும் செய்வது, பட்டியலை 1-இலிருந்து கீழே படித்துக்கொண்டு போவது. அப்படிப் படிக்காதீர்கள். கடைசியிலிருந்து தொடங்குங்கள்.

பெஞ்ச்தான் முதல் பக்கம்

16 முதல் 23 வரை எட்டு மாற்று வீரர்கள். இதில் 16, 17, 18 மூன்றும் முன்வரிசைக்காரர்கள், அதாவது ஒரு ஹூக்கர், இரண்டு பிராப். முன்வரிசைக்குப் பயிற்சி இல்லாத ஆளை ஸ்க்ரம்மில் (இரண்டு அணி ஃபார்வர்ட்களும் தலைகோத்துத் தள்ளும் இடம்) நிறுத்தினால் கழுத்து முறியும் ஆபத்து இருப்பதால் விதியே அப்படி. ஆகப் பயிற்சியாளர் உண்மையில் முடிவு செய்வது 19 முதல் 23 வரை உள்ள ஐந்து நாற்காலிகளைத்தான். வழக்கமான முறை 5-3: ஐந்து ஃபார்வர்ட், மூன்று பேக். அது பாதுகாப்பான முறை, ஒரு 9, ஒரு 10, பின்வரிசைக்கு ஒருவர் என்று யாருக்கு அடிபட்டாலும் ஆள் இருக்கும்.

6-2 என்று பார்த்தால் நிமிர்ந்து உட்காருங்கள். 2019 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்கா இதைத்தான் வைத்து யோகோஹாமா இறுதியாட்டத்தில் இங்கிலாந்தை 32-12 என்று சாய்த்தது. தொடங்கும் ஃபார்வர்ட்களுக்குச் சொல்லப்படுவது எளிய செய்தி: எண்பது நிமிடத்துக்கு மூச்சைச் சேமிக்காதே, ஐம்பது நிமிடத்துக்குள் இருப்பதை எல்லாம் கொட்டிவிடு, அதற்கப்புறம் உன் அளவுக்கே ஒரு புது ஆள் வருவான். எதிரணியின் பிராப் கால் தளர்ந்து நிற்கும் நேரத்தில் இவர்கள் ஒரு முழுப் புது முன்வரிசையை இறக்குவார்கள். இந்த பெஞ்ச்சுக்கு வைத்த பட்டப்பெயர் 'பாம் ஸ்குவாட்'. ஆகவே 6-2 பட்டியல் உள்ள ஆட்டத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது 45-ஆவது நிமிடத்திலிருந்து 60 வரை. டாய்லெட்டுக்கு அதற்கு முன்னாலேயே போய்விட்டு வாருங்கள்.

7-1 என்றால் அது சூதாட்டம்தான். 2023 அக்டோபர் 28 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்கா அப்படித்தான் வந்தது, பெஞ்சில் ஒரே பேக், வில்லி லெ ரூ. மாற்று ஸ்க்ரம் ஹாஃப் கிடையாது. அதில் இன்னொரு வேடிக்கை, முதன்மை ஹூக்கர்களில் ஒருவரான மால்கம் மார்க்ஸ் தொடரின் நடுவில் காயப்பட்டபோது அவர் இடத்துக்கு இன்னொரு ஹூக்கரை அழைக்காமல் ஹாண்ட்ரே பொல்லார்ட் என்ற 10-ஆம் எண்காரரை அழைத்தார்கள். மாற்று ஹூக்கராக இருந்த டியோன் ஃபூரீ அடிப்படையில் அப்போது ஃபிளாங்கர். இறுதியாட்டத்தில் மூன்றாவது நிமிடத்திலேயே பொங்கி போனாம்பி காயத்தோடு வெளியே போக, ஃபூரீ கிட்டத்தட்ட முழு ஆட்டமும் ஹூக்கராக ஆட வேண்டியதாயிற்று, ஹூக்கர் ஓரத்திலிருந்து பந்தை எறிய மற்றவர்கள் தாவிப் பிடிக்கும் லைன்அவுட் தடுமாறியது. ஆனால் அழைக்கப்பட்ட பொல்லார்ட்தான் நான்கு பெனால்டியும் உதைத்து 12 புள்ளி எடுத்தார், நியூசிலாந்துக்கு 11. ஒரே தேர்வு ஒரே இரவில் இரண்டு பக்கமும் வெட்டியது.

பிரான்ஸ் 2025 மார்ச் 8 அன்று டப்ளினில் அயர்லாந்துக்கு எதிராக இதே 7-1 வைத்துப் பார்த்தது. முதல் பாதியிலேயே அந்துவான் டியூபோனுக்கு முழங்காலில் அடி, இருந்த ஒரே பேக் மாக்சிம் லூக்கு உள்ளே வந்துவிட்டார். பிறகு ஒரு சென்டரும் போக, ஃபிளாங்கரான ஓஸ்கார் ஜெகூ சென்டரில் நின்று ஆடினார். இத்தனைக்கும் பிரான்ஸ் 42-27 என்று வென்றது. காரணம், அந்த ஏழு ஃபார்வர்ட்களில் சென்டரில் நிற்கக்கூடிய கால்வேகம் உள்ள ஆளும் இருந்தார். அதனால் 7-1 பார்த்ததும் "பைத்தியமா இவனுங்களுக்கு" என்று கேட்பதற்கு முன்னால் அந்த ஏழு பேரில் பின்வரிசையில் ஓடத் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்று தேடுங்கள். இருந்தால் அது கணக்குப் போட்ட சூதாட்டம், இல்லாவிட்டால் வெறும் சூதாட்டம்.

3-ஆம் எண்

பெஞ்ச் முடிந்ததும் நேராக 3-க்குப் போங்கள், அப்புறம் 18-க்கு. டைட்ஹெட் பிராப் என்பவர் ஸ்க்ரம்மில் எதிரணியின் பிராப், ஹூக்கர் இருவருக்கும் நடுவில் தலையை விடுகிறவர், இரண்டு பக்கமிருந்தும் சுமை அவர் மேல்தான். வீட்டுக்கு நடுத்தூண் மாதிரி, அது சாய்ந்தால் மற்றது எதுவும் நிற்காது. 2019 இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் 3-ஆம் எண் கைல் சிங்க்ளர் மூன்றாவது நிமிடத்திலேயே தலையில் அடிபட்டு வெளியே போனார். பெஞ்சிலிருந்து வந்த டான் கோல் அனுபவசாலிதான், ஆனால் மீதி ஆட்டம் முழுவதையும் கிட்டத்தட்ட அவரே தாங்க வேண்டியதாயிற்று, எதிரில் தென்னாப்பிரிக்கா இடையில் புது பிராப்களை இறக்கிவிட்டது. ஸ்க்ரம் பெனால்டிகள் கொட்டின.

இதைத் திரையில் எப்படிப் பார்ப்பது? முதல் ஸ்க்ரம் வரும்போது பந்தைப் பார்க்காதீர்கள். நடுவர் "கிரவுச், பைண்ட், செட்" என்று மூன்று சொல் சொல்வார். 'பைண்ட்' சொன்னதும் 1-ஆம் எண் லூஸ்ஹெட் தன் இடது கையை எதிராளியின் முதுகுப் பக்கம் நீட்டிச் சட்டையைப் பிடிப்பார். அந்த முழங்கை வானத்தை நோக்கி உயர்ந்திருந்தால் அவருக்குப் பிடி கிடைத்திருக்கிறது. முழங்கை தரையைப் பார்த்துத் தொங்கினால் இன்னும் சில நொடியில் அவர் கீழே போகப் போகிறார், ஸ்க்ரம் விழும், விசில் வரும். அடுத்தது இடுப்பு. தோளைவிட இடுப்பு மேலே ஏறிய பிராப் தள்ளப்படுகிறார் என்று அர்த்தம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் "எதுக்குப் பெனால்டி?" என்று கேட்பதற்குள் நீங்கள் பதில் சொல்லிவிடலாம்.

ஒரு பெனால்டி என்றால் கம்பத்துக்கு உதைத்து 3 புள்ளி எடுக்கலாம், மூலைக்கு உதைத்து லைன்அவுட் போட்டு மோல் கட்டி (பந்து வைத்திருப்பவரைச் சுற்றி நின்றபடியே கூட்டமாக) தள்ளலாம், மறுபடி ஸ்க்ரம்மே கேட்கலாம். எதைக் கேட்கிறார்கள் என்பதிலும் தேர்வு தெரியும். மோல் தள்ளும் கனமான லாக்கை 4-இல் வைத்திருக்கிற அணி மூலைக்குப் போகும். பொல்லார்ட் போன்ற உதைகாரர் இருந்தால் ஐம்பது மீட்டரிலும் கம்பத்தைக் காட்டுவார்கள். 2023 அரையிறுதியில் இங்கிலாந்து முன்னிலையில் இருந்தது, கடைசி நிமிடங்களில் ஒரு ஸ்க்ரம் பெனால்டி, பொல்லார்ட் நடுக்கோட்டுப் பக்கமிருந்து உதைத்தார், 16-15. அந்த ஸ்க்ரம்மில் தள்ளிய ஒக்ஸ் என்சே பெஞ்சிலிருந்து வந்தவர். எல்லாம் முன்னாடியே பட்டியலில் இருந்தது.

6, 7, 8: இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு வாக்கியம்

இவர்களைத் தனித்தனியாகப் படிக்கக் கூடாது. 6-இல் ஒரு லாக்கைப் போட்டிருந்தால் லைன்அவுட்டில் குதிக்க இன்னொரு உயரமான ஆள் வேண்டும் என்று பயிற்சியாளர் நினைக்கிறார், தரையில் பந்தைப் பறிக்கும் வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறார். 2019 அரையிறுதியில் நியூசிலாந்து செய்தது இதுதான், லாக்கான ஸ்காட் பாரெட்டை 6-இல் இறக்கி சாம் கேனை பெஞ்சில் வைத்தார்கள். இங்கிலாந்து பக்கத்தில் சாம் அண்டர்ஹில், டாம் கரி என்று இரண்டு பேருமே ஓப்பன்சைடு இயல்புள்ளவர்கள். தரையில் பந்து விழுந்த இடமெல்லாம் இங்கிலாந்து வீரர்கள்தான் முதலில் வந்தார்கள். பாதி ஆட்டத்தில் கேனை உள்ளே கொண்டுவந்தும் பலனில்லை, 19-7. பட்டியல் வந்த அன்றே இரண்டு அணியின் 6, 7-ஐப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும்.

ஆஸ்திரேலியா 2015-இல் மைக்கேல் ஹூப்பர், டேவிட் போகாக் என்று இரண்டு பறிப்பாளர்களையும் ஒன்றாக ஆடவிட்டது, போகாக்குக்கு 8. இறுதியாட்டம் வரை போனார்கள். பறிப்பாளர் இருவர் இருந்தால் எதிரணி ஒவ்வொரு ரக்கிலும் (தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் நின்று தள்ளும் இடம்) கூடுதல் ஆளை அனுப்ப வேண்டியிருக்கும், அதனால் வெளியே ஓடுவதற்கு ஆள் குறையும். நேர்மாறாக, டு டுவா மாதிரி நெடிய, ஓயாமல் தடுக்கும் 7 இருந்தால் அவர் பறிப்பதற்காக அல்ல, இடிப்பதற்காக. 2023 இறுதியில் அவர் 28 டேக்கிள் போட்டார், அதாவது 28 தடவை ஆளைப் பிடித்து வீழ்த்தினார்.

9, 10, 12

"அண்ணே, கையில இருக்கிற பந்தை ஏன் சும்மா உதைச்சு அவனுங்க கையிலயே குடுக்குறாங்க?" ரக்பி புதிதாகப் பார்க்கும் தம்பிமார் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் இதுதான். நியாயமான கேள்வி. சொந்தப் பாதியில் பந்தை வைத்துக்கொண்டு பத்து, பன்னிரண்டு கட்டம் (ஒரு ரக்கிலிருந்து அடுத்த ரக் வரை ஒரு கட்டம்) ஆடினால் எங்கேயாவது ஒரு பெனால்டி கொடுத்துவிடுவோம் என்று பயிற்சியாளர்களுக்குத் தெரியும். தப்பை எதிராளி அவனுடைய பாதியில் செய்யட்டும் என்றுதான் உதைத்து விடுகிறார்கள். துள்ளலான ஆட்டத்துக்குப் பேர்போன பிரான்ஸே பயிற்சியாளர் கால்தியே காலத்தில் சொந்தப் பாதியிலிருந்து ஏராளமாக உதைக்கிற அணிதான். 2023 இல் இங்கிலாந்து அதையே வாழ்க்கையாக வைத்திருந்தது, பார்ப்பதற்குப் போர், ஆனால் அரையிறுதியில் ஒரு புள்ளியில்தான் தோற்றது.

9-இல் யார் என்று பார்த்தாலே உதைக்கப் போகிறார்களா என்று தெரியும். ஃபாஃப் டி கிளர்க் மாதிரி ரக்குப் பின்னாலிருந்து உயரமாக உதைப்பவரா, நியூசிலாந்தின் ஆரன் ஸ்மித் ஆடிய காலத்தில் போலத் தரையிலிருந்தே பந்தை வீசிவிடுகிறவரா? உதைப்பதற்கு முன் அறிகுறியும் உண்டு: ரக்கின் பின்னால் ஃபார்வர்ட்கள் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிக்கொண்டு ரயில் பெட்டி மாதிரி நீள்வார்கள், 9 பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டுவார், நடுவர் "யூஸ் இட்" என்பார், அதிலிருந்து ஐந்து நொடி. அந்த நேரத்தில் விங்கைப் பாருங்கள், ஓடத் தயாராக இருப்பார்.

10-ஐவிட எனக்கு 12 முக்கியம். டேமியன் டி அலெண்டே, பண்டி ஆக்கி மாதிரி ஆள் 12-இல் இருந்தால் முதல் கட்டத்தில் நேராக மோதி எதிரணியின் தடுப்புக் கோட்டைத் தாண்டப் பார்ப்பார்கள். இங்கிலாந்து ஜார்ஜ் ஃபோர்டை 10-இலும் ஓவன் ஃபாரெலை 12-இலும் வைத்த நாட்களில் இரண்டு பக்கமும் பந்தைப் பிரிக்கும் மூளை இருந்தது, மோதுவதற்கு வேறு ஆளைத் தேட வேண்டியிருந்தது. நியூசிலாந்து அந்த இரண்டாவது மூளையை 15-இல் வைத்துப் பார்த்தது: மோஉங்கா 10, போடன் பாரெட் 15.

கனம் குறைந்த அணி எப்படித் தேர்வு செய்ய வேண்டும் என்பதற்கு நம் ஆசியாவிலேயே பாடம் இருக்கிறது. 2015 செப்டம்பர் 19, பிரைட்டன், ஜப்பான் 34 தென்னாப்பிரிக்கா 32. தாழ்வாக விழுந்து தடுக்கிற, வேகமாக எழுந்து மறுபடி ஓடுகிற ஆட்களை ஜப்பான் பயிற்சியாளர் எடி ஜோன்ஸ் சேர்த்திருந்தார். கடைசியில் மூன்று புள்ளி பின்னால் இருக்கும்போது பெனால்டி. உதைத்தால் சமன். கேப்டன் மைக்கேல் லீச் ஸ்க்ரம் கேட்டார், கார்ன் ஹெஸ்கெத் மூலையில் டிரை போட்டார், அதாவது கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தார். 2019-இல் ஜேமி ஜோசப்பின் ஜப்பான் அயர்லாந்தையும் ஸ்காட்லாந்தையும் தோற்கடித்துக் காலிறுதிக்கே போனது. அந்த அணியின் தாக்குதலை வடிவமைத்த டோனி பிரவுன் 2024-இல் தென்னாப்பிரிக்காவோடு சேர்ந்தார், அதன் பிறகு அந்த 'இடிக்கிற' அணி எப்படிப் பந்தை விரிக்கிறது என்று பார்த்தால் நான் தொடக்கத்தில் சொன்ன மாமாக் கடைப் பேச்சு ஏன் பழையது என்று புரியும்.

பின்னால் மூவர்

11, 14, 15 பற்றிச் சுருக்கமாக. 2024 கடைசியிலிருந்து, உயரமாக வரும் பந்தைப் பிடிக்கப் போகும் தன் ஆளைச் சுற்றி அரண்போல நின்று மறைப்பதை நடுவர்கள் கண்டிப்பாகத் தடுக்கிறார்கள். அதனால் தாவிப் பிடிக்கத் தெரிந்த விங்குக்கு மதிப்பு ஏறிவிட்டது. விங்கில் ஒரு ஃபுல் பேக்கைப் போட்டிருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். 2021-இல் வந்த 50:22 விதியும் இருக்கிறது: சொந்தப் பாதியிலிருந்து உதைத்த பந்து தரையில் பட்டு எதிரணியின் 22 மீட்டருக்குள் வெளியேறினால் உதைத்தவருக்கே லைன்அவுட். இதற்குப் பயந்து விங்குகள் பின்னால் நிற்கிறார்கள், முன்கோட்டில் ஓர் ஆள் குறைகிறார்.

பட்டியலில் இல்லாதவர்கள்

"அவன் எங்கே போனான்?" என்ற கேள்விக்கு எப்போதும் காயம்தான் பதில் என்று நினைக்காதீர்கள். நியூசிலாந்து சொந்த நாட்டில் ஒப்பந்தம் உள்ளவர்களையே எடுக்கும். இங்கிலாந்தும் விதிவிலக்கான சூழ்நிலை தவிர பிரான்ஸுக்குச் சம்பளத்துக்குப் போனவர்களை எடுப்பதில்லை. ஆஸ்திரேலியா 2015-இல் 60 ஆட்டம் ஆடியவர்களுக்குக் கதவைத் திறந்தது. தென்னாப்பிரிக்கா எங்கே ஆடினாலும் எடுத்துக்கொள்கிறது, ஜப்பான் கிளப்பில் ஆடுகிறவர்கள் அந்த அணியில் நிறைய. அயர்லாந்து உள்ளூர்க்காரர்களை நம்புவதால் லென்ஸ்டர் என்ற ஒரே அணியின் ஆட்கள் கூட்டமாக வருவார்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஒருவருக்கொருவர் பாஸ் கொடுப்பார்கள், அந்தக் குறும்பாஸ் ஆட்டத்துக்கு அந்தப் பழக்கம்தான் மூலதனம். 2023 காலிறுதியில் நியூசிலாந்துக்கு எதிராகக் கடைசியில் 37 கட்டம் பந்தை விடாமல் ஆடினார்கள், அப்படியும் 28-24 தோல்வி.

டோங்கா, சமோவா பட்டியல்களில் பழைய நியூசிலாந்து, ஆஸ்திரேலியப் பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 2022 ஜனவரியிலிருந்து, மூன்று வருடம் சர்வதேச ஆட்டம் ஆடாமல் இருந்தால், பிறந்த நாட்டுக்கோ பெற்றோர், தாத்தா பாட்டி நாட்டுக்கோ மாறலாம். இஸ்ரேல் ஃபொலாவ் அப்படித்தான் டோங்காவுக்கு வந்தார். ஃபிஜியின் கதை வேறு. ட்ரூவா என்ற அணி 2022-இல் கிளப் தொடரான சூப்பர் ரக்பியில் சேர்ந்த பிறகு ஒன்றாகப் பயிற்சி எடுக்கிற ஆட்கள் கிடைத்தார்கள், 2023 ஆகஸ்டில் இங்கிலாந்தை ட்விக்கன்ஹாமிலேயே வென்றார்கள். இப்போதெல்லாம் ஃபிஜியின் ஸ்க்ரம்மையும் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

டிவியில் கிடைக்காத ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் உள்ளூர் ஆட்டத்துக்குப் போங்கள். பெட்டாலிங் ஜெயாவில் பாடாங் அஸ்தாகா பக்கம் கோப்ரா கிளப் ஆடும்போது பக்கவாட்டில் நிற்காமல் கம்பத்துக்குப் பின்னால் நில்லுங்கள். தடுப்புக் கோடு ஒரே நேரத்தில் பாய்ந்து வருகிறதா, பின்வாங்கி ஓரத்துக்குத் தள்ளுகிறதா என்று அங்கேதான் தெளிவாகத் தெரியும். திரையில் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுவதால் இது அரைகுறையாகத்தான் படும்.

கடைசியாக ஒரு வேலை: ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்றித் தயாராகும்போதே யாராவது தசை பிடித்து விலகியிருப்பார்கள், அப்போது ஒரு பெயர் மட்டும் மாறுவதில்லை, நீங்கள் போட்ட கணக்கே மாறும். 2023 ஆகஸ்ட் 25, ட்விக்கன்ஹாமில் நியூசிலாந்தோடு ஆடுவதற்குச் சற்று முன்னால் வில்லி லெ ரூ விலக, அவர் இடத்தில் குவாகா ஸ்மித் என்ற ஃபார்வர்டை உட்கார வைத்தது தென்னாப்பிரிக்கா. பெஞ்ச் 7-1 ஆயிற்று, நியூசிலாந்து 35-7 என்று அடி வாங்கியது. முதல் பட்டியலை மட்டும் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இரண்டாம் பாதியில் அடுத்தடுத்து ஃபார்வர்ட்களாக இறங்குவது ஏன் என்றே புரிந்திருக்காது.